உரல் இருக்கும் இடம்

மலையடிவாரத்தில் நிரல் எழுதக் கற்பவர்களின் குடில் ஒன்று இருந்தது. அன்று மாலை அங்கிருந்தவர்கள் சாமான்களோடு வேறு வீட்டுக்கு மாறவேண்டும். பழைய கணினிக்கும் அதுவே கடைசி நாள். அதன் வட்டு மாலை வரை தாங்கினாலே பெரிது. குடிலின் வேலை அத்தனையையும் புதுக் கணினிக்கு நகலெடுக்கும் நிரலைச் சேந்தன் எழுதினான். அவன் கால் தரையில் பாவவில்லை.

சிக்கல் சிம்லிங்க்குகளால் வந்தது. சிம்லிங்க் என்பது கோப்பு அல்ல. 'நான் இங்கில்லை, அங்கே போய்ப் பார்' என்று வழிகாட்டும் சீட்டு. முதலில் சீட்டுகளை அப்படியே நகலெடுத்தான். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. திறந்து பார்த்தால் பாதிச் சீட்டுகள் புதுக் கணினியில் இல்லாத, பழைய கணினியின் ஏதோ மூலையைக் காட்டிக்கொண்டிருந்தன.

மறுபடி, சீட்டு காட்டும் இடத்துக்கே போய்ப் பொருளை எடுத்துவரும்படி மாற்றினான். 'பாடம்' என்ற ஃபோல்டருக்குள் இருந்த ஒரு சீட்டு அந்தப் பாடத்தையே காட்டியது. பாடத்துக்குள் பாடம், அதற்குள் பாடம் என்று புது வட்டு நிரம்பி நின்றது.

"நம்ம பாடம் என்றைக்குடா முடிந்திருக்கிறது?" என்றாள் உடன் படிக்கும் ஆதிரை, மூட்டை கட்டியபடியே.

சேந்தன் சமையலறைக்கு ஓடினான். ஆசிரியை வேண்மாள் பாத்திரங்களைக் கோணியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, சீட்டை எடுப்பதா, பொருளை எடுப்பதா?"

அவர் சுவரைக் காட்டினார். சமையல் முறைக்காரர்களுக்காக ஒட்டிய இரண்டு சீட்டுகள். 'உப்பு, அலமாரி மேல்தட்டில்.' 'இரும்பு உரல், பக்கத்து வீட்டில்.'

அலமாரி கூடவே வருகிறது. உப்புச் சீட்டைக் கிழியாமல் உரித்துப் பையில் வைத்தான். உரல் சீட்டில் கை நின்றது.

"புது வீட்டில் இது பொய்யாகிவிடும். அப்படியானால் உரலையே..."

சொல்லி முடிக்குமுன் வேலியைத் தாண்டியிருந்தான்.

தோளில் உரலோடு திரும்பினான். பின்னாலேயே பக்கத்து வீட்டுச் செங்கமலம், கையில் துடைப்பம். கேட்டபோதெல்லாம் இரவல் கொடுத்ததற்கு இதுதான் கூலியா, கணினிப் படிப்பில் களவும் ஒரு பாடமா என்று அவள் கேட்டது தெருமுனை வரை எட்டியது.

உரலை அவள் வீட்டிலேயே இறக்கிவிட்டு வந்தான். வேர்த்துக் கொட்டியது.

"கேட்காமல் எடுத்துவிட்டேன் அம்மா."

"உன் நிரல் யாரைக் கேட்டது?" என்றார் வேண்மாள்.

"கூடவே வருவதைக் காட்டினால் சீட்டு மட்டும் போதும். வெளியே காட்டினால் எடுக்குமுன் என்னைக் கேட்கட்டும்" என்றான் சேந்தன். சுவரில் இன்னும் வெயில் இருந்தது. கணினியை நோக்கி ஓடினான்.