கையகப்படுத்திய காடு

அரசாங்கக் காகிதத்தில் ஓர் எழுத்தைக்கூட நொச்சிக்குடிக்காரர்கள் வீணாக்க மாட்டார்கள். அந்த ஊரில் மூக்குக்கண்ணாடி வைத்திருந்தவர் சடையாண்டி ஒருவர்தான். ஆகவே அவரே வனக்குழுத் தலைவர்.

ஊருக்கு மேற்கே இருந்த சின்னக் காட்டை அதன் சொந்தக்காரர் ஒரு மர வியாபாரிக்கு விற்கப் பார்த்தார். காடு போனால் ஊற்றும் போய்விடும். ஊரே கலங்கிக் கிடந்தபோது, காட்டைக் காக்க நிதி தருவதாக அரசாங்க ஆணை வந்தது. சடையாண்டி படித்தார்:

"நிதி பெற, மக்கள் காட்டைக் கையகப்படுத்த வேண்டும். கையகப்படுத்தியதை எக்காரணம் கொண்டும் கைவிடக் கூடாது."

"அப்படின்னா?" என்றாள் மனைவி வெள்ளத்தாய்.

"கைக்குள்ள கொண்டுவரணும். அப்புறம் விடக் கூடாது. தெளிவாத்தான் எழுதியிருக்காங்க."

மறுநாள் விடிந்ததும் ஊரே போய் ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. தலைவருக்குப் பெரிய மருதமரம். கன்னத்தில் கட்டெறும்பு ஊர்ந்தது. பொறுத்துக்கொண்டார். பதவி என்றால் சும்மாவா?

மூன்றாம் நாள் தலையாரி சைக்கிளில் வந்தார். "ஆபீசுக்கு வந்து தலைவர் கையெழுத்துப் போட்டாத்தான் நிதி."

"போனா கைவிட்டதா ஆயிருமே," என்றார் சடையாண்டி.

காடே யோசித்தது. பக்கத்து மரத்திலிருந்து வெள்ளத்தாய் கேட்டாள்: "மரத்தோட போனா என்ன?"

"வேர் மண்ணை விடலையே."

"வேரைப் பத்தி ஆணையில இருக்கா?"

சடையாண்டி மனதுக்குள் மறுபடி படித்துப் பார்த்தார். "இல்ல."

மர வியாபாரி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "கூலி வேண்டாம்ணே. ரம்பமும் ஆளும் லாரியும் நான் தர்றேன். தலைவரை மட்டும் தனியா அனுப்பினா நல்லாவா இருக்கும்? எல்லாரும் போங்க," என்றார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று சடையாண்டிக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கை இல்லை.

சாயங்காலத்துக்குள் காடு முழுக்க லாரிகளில் ஏறிவிட்டது. ஒருவர்கூடப் பிடியை விடவில்லை.

ஆபீஸ் வாசலுக்கு அதிகாரி பேனாவோடு வந்தார். லாரிமேல் மருதமரத்தைக் கட்டிக்கொண்டு கிடந்த சடையாண்டி சொன்னார்: "ரெண்டு கையும் காட்டுல இருக்குதுங்க ஐயா. விட்டுட்டுப் போடலாமா?"

அதிகாரி ஆணையை இரண்டு முறை படித்தார். "கூடாது."

"அப்ப கால் பெருவிரல்ல ரேகை வைக்கட்டுமா?"

அதிகாரி முகம் சுளித்தார். "கால்ல வச்சா அது காலகப்படுத்தினது ஆயிடும். அதுக்கு மாடியில வேற செக்சன். மரத்தைத் தூக்கிட்டு மேல போங்க."