மூன்றாவது செல்

"இந்த மூணாவது செல் மட்டும் ஏன் ஏற மாட்டேங்கு, தங்கச்சி?"

கேட்டவர் இசக்கிமுத்து. வயது அறுபத்திரண்டு. ரேஷன் கடையில் முப்பத்தைந்து வருடம் தராசு முள்ளைப் பார்த்தே காலம் தள்ளிய மனிதர். முள் காட்டுவதைத் தவிர வேறெதையும் நம்பாதவர்.

கேட்கப்பட்டவள் மைதீன் பாத்து. அவரைவிட இருபது வயது இளையவள். மேலப்பாளையத்தில் தன் வீட்டுப் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு, செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள தட்டுல உப்பு பூத்திருக்கு. மெதுவாத்தான் கரையும்."

"எத்தனை நாள்ல?"

"கரையுற வரைக்கும்."

குரு என்றால் இப்படித்தான் பதில் சொல்லவேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறதோ. இசக்கிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் அவசரம் அவருக்கு. மனைவி செண்பகவடிவுக்கு நுரையீரல் பழுது. கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மிஷினோடுதான் அவளுக்கு வாழ்க்கை. வரும் வியாழக்கிழமை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு வேலை, காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை கரண்ட் இருக்காது. போன மாதம் அந்த ஐந்து மணி நேரம் அவள் பட்ட பாட்டை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

வீட்டு இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி வாங்க வழியில்லை. கல்யாண மண்டபத்தில் கழித்துப் போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு பாத்துவிடம் வந்தார். செய்து தரச் சொல்லவில்லை, சொல்லித் தரச் சொன்னார்.

மூன்று வாரமாக அவள் சொன்னதையெல்லாம் செய்துவந்தார். டிஸ்டில் வாட்டர் ஊற்றினார். பொறுமையாக சார்ஜ் போட்டார். தினமும் கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு செல்லிலிருந்தும் உறிஞ்சி, உள்ளே மிதவை எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்த்தார். சார்ஜ் ஏற ஏற ஆசிட் கனத்து, மிதவை சிவப்பிலிருந்து பச்சைக்கு ஏறும். ஐந்து செல்களில் பச்சைக்கு ஏறிவிட்டது. மூன்றாவதில் சிவப்பை விட்டு அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை பாத்து ஒரு வேலையாக வெளியே போயிருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் இசக்கிமுத்து முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"ஏறிட்டு."

பாத்து குழாயை விட்டு உறிஞ்சிப் பார்த்தாள். மிதவை பச்சையில் நின்றது. குழாயைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"என்ன ஊத்துனீங்க?"

"கொஞ்சூண்டு ஆசிட். மிதவை ஏறணும்னுதானே இத்தனை பாடு?"

அவள் பழைய கார் ஹெட்லைட் பல்புகள் நாலை எடுத்துவந்து பேட்டரியில் மாட்டினாள். கண் கூசுகிற வெளிச்சம்.

இசக்கிமுத்து ஜெயித்துவிட்ட தோரணையில் மீசையைத் தடவிக்கொண்டார். பாத்து உள்ளே போய் இரண்டு தம்ளர் டீ கொண்டுவந்தாள். அவர் பாதிகூடக் குடிக்கவில்லை, அதற்குள் வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, கம்பி மட்டும் கனன்றது. மூன்றாவது செல் மட்டும் கொதிக்கிற மாதிரி குமிழி விட்டது.

அவர் குனிந்து அந்தச் செல்லைப் பார்த்தார்.

"பச்சையிலதானே நின்னுச்சு!"

"மிதவைதான் நின்னுச்சு அண்ணாச்சி. தட்டுல உப்பு அப்படியே இருக்கு."

நாளைக் காலை இதைத்தான் செண்பகவடிவின் மிஷினுக்கு மாட்டியிருப்பார். மாட்டிவிட்டு, பச்சையில்தான் இருக்கிறது என்ற தைரியத்தில் காய்கறி வாங்கக்கூடக் கிளம்பியிருப்பார்.

"மதினியை இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குக் கரண்ட் வந்த பொறவு வீட்டுக்கு வரலாம்."

"ஆஸ்பத்திரின்னாலே அவளுக்கு ஆகாது. அதுவும் போக, இப்பம் நல்லாத்தான் இருக்கா. ஆக்சிஜன் அளக்குற மிஷினை விரல்ல மாட்டிப் பார்க்கேன்லா, தினமும் தொண்ணூத்தஞ்சு காட்டுது. ஒரு நாள்கூட இறங்கலை."

"எப்பம் மாட்டிப் பார்ப்பீங்க?"

"சாயங்காலம், வீட்டுக்குப் போனதும். நாற்காலியில உக்காந்திருப்பா."

"எந்திரிச்சு நடமாடும்போது?"

இசக்கிமுத்து தம்ளரைக் கீழே வைத்தார்.

பல்பு முழுதாக அணைந்தது. பாத்து கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அவர் எழுந்தார். சொல்லிக்கொள்ளக்கூட இல்லாமல் வெளியே நடந்தார். இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தது உறைத்தது. திரும்பவில்லை. வெயிலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மூக்குக் குழாய் நாற்காலியில் கிடந்தது. நாற்காலியில் ஆள் இல்லை.

செண்பகவடிவு அடுப்படி வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டாள்.

"வண்டிச் சத்தமே... கேக்கலையே."

இசக்கிமுத்து அலமாரியிலிருந்து விரலில் மாட்டும் மிஷினை எடுத்தார். கிட்டப் போய் அவள் கையைப் பிடித்தார். அவள் வெடுக்கென்று கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இப்பம் பார்க்காதீங்க," என்றாள், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "ஒரு அஞ்சு நிமிசம்... உக்காந்துக்கிடுதேன். பொறவு பாருங்க."