முள்ளுக்குள் படுத்த மான்குட்டி

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு புள்ளிமான் கூட்டம் மேய்ந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் மருதி என்ற தாய்மானும் அவளுடைய குட்டி துடியனும் இருந்தார்கள்.

செந்நாய்களின் வாடை அடித்தால் குட்டிகள் எல்லாம் புல்லுக்குள் படுத்துவிட வேண்டும். காதுகூட அசையக் கூடாது. மற்றக் குட்டிகளுக்கு அது எளிதாக வந்தது. துடியனுக்கு வரவில்லை. படுப்பான். ஒரு தும்பி பறந்தால் தலையைத் தூக்குவான். ஓர் இலை விழுந்தால் எழுந்து நிற்பான்.

"படுடா!" என்று மருதி அதட்டுவாள்.

"சரிம்மா!" என்பான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கால் உதறும்.

ஒரு நாள் காலையில் செந்நாய்கள் வந்தன. துடியன் எழுந்துவிட்டான். நாய்கள் பாய்ந்தன. பெரிய மான்கள் குறுக்கே ஓடி அவற்றை வேறு பக்கம் இழுத்துப் போயின. ஆனால் அதற்குள் துடியனுக்குப் பக்கத்தில் படுத்திருந்த குட்டியின் தொடையில் கடி விழுந்துவிட்டது.

அந்தக் குட்டியின் தாய் பூங்கண்ணி கதறினாள். "உன் பிள்ளையால் என் பிள்ளை நொண்டுகிறது! பெற்றால் மட்டும் போதுமா, மருதி? அடக்கி வளர்க்க வேண்டாமா?"

கூட்டத்தின் தலைவனான கலைமான் சொன்னது: "இன்னொரு தடவை இப்படி நடந்தால் நீங்கள் இருவரும் இங்கே இருக்க முடியாது!"

மருதிக்கு அவமானம் தாங்கவில்லை. "திமிர்! வேண்டுமென்றே செய்கிறாய்!" என்று குட்டியை முட்டித் தள்ளினாள்.

"இல்லம்மா..." என்றான் துடியன். அவள் காதில் வாங்கவில்லை.

மாலையில் துடியனைக் காணவில்லை. மருதி தேடி அலைந்தாள். கடைசியில் ஒரு சூரைமுள் புதருக்குள் கிடந்தான். உடம்பெல்லாம் ரத்தக் கீறல்.

"ஐயோ! தவறி விழுந்துவிட்டாயா?"

"இல்லம்மா. நானாகத்தான் வந்தேன்."

"ஏன்டா?"

"அசைந்தால் முள் குத்தும். குத்தினால் அசையாமல் இருக்கப் பழகிவிடும் என்று நினைத்தேன். நன்றாகக் குத்துகிறது அம்மா. அப்போதும் கால் ஆடுகிறது!"

மருதி புதருக்குள் தலையை நுழைத்தாள். சொன்னதைக் கேட்காத பிள்ளை என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்! அவனை வெளியே இழுத்து, விடியும்வரை காயங்களை நக்கிக்கொடுத்தாள்.

அதன்பிறகு அவள் அதட்டவில்லை. மேய்ச்சலுக்கு முன் அவனை ஆசைதீர ஓடவிட்டாள். பிறகு அவனோடு தானும் படுத்து, தன் கழுத்தை அவன் முதுகின்மேல் சாய்த்துப் பழக்கினாள். அந்தக் கனத்தில் அவன் உடம்பு கொஞ்சம் அமைதியானது.

"குட்டியோடு தாயும் படுப்பதா? இது நம் வழக்கமில்லையே!" என்றது கலைமான்.

"மற்றக் குட்டிகளுக்கு அந்த வழக்கம் போதும். இவனுக்குப் போதவில்லை!" என்றாள் மருதி.

மழைக்காலம் தொடங்கியபோது செந்நாய்கள் மறுபடி வந்தன. மருதி துடியனை அணைத்துப் படுத்தாள். அவன் உடம்பு நடுங்கியது. பின்னங்கால் புல்லை உதைக்கத் தொடங்கியது. அவளால் ஒரு பக்கம்தான் தாங்க முடிந்தது.

அப்போது மறுபக்கம் யாரோ வந்து படுத்தார்கள். பூங்கண்ணி! அவன் உடம்பிலிருந்த முள் தழும்புகளை அவளும் பார்த்திருந்தாள்.

"இந்தப் பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன்," என்று மட்டும் சொன்னாள்.

செந்நாய்கள் மோப்பம் பிடித்தபடி கடந்து போயின.

துடியன் அதோடு மாறிவிடவில்லை. சில நாள் படுத்தான், சில நாள் எழுந்துவிட்டான். எழுந்த நாட்களில் கூட்டத்தில் யாராவது சத்தமில்லாமல் அவன் பக்கத்தில் போய்ப் படுத்தார்கள்.

அடங்காத பிள்ளை என்று நாம் கடிந்துகொள்ளும் பிள்ளை அடங்குவதற்காக எவ்வளவு பாடுபடுகிறது என்று அறிந்தவர்களால்தான் அதற்குத் துணை நிற்க முடியும்.