முந்நூறு வினாடி

"பதில் வரமாட்டேங்குது டீச்சர்" என்றார் தணிகாசலம்.

"யாருக்கு?"

"யாருக்குமே."

ஹெப்சிபா டீச்சர் நிமிரவில்லை. முன்னால் விரித்த செய்தித்தாளில் பாதிப் பலாப்பழம். இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெய். சுளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"பால் ஒட்டும். தள்ளி உக்காருங்க."

தணிகாசலம் தள்ளி உட்கார்ந்தார்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். டீச்சருக்கு முப்பத்தெட்டு. ஒரு காலத்தில் பாலிடெக்னிக்கில் நெட்வொர்க் பாடம் எடுத்தவர். இப்போது நாகர்கோவிலில் ஒரு பேட்டரி கடை மாடியில் இருக்கிறார். இன்டர்நெட்டில் பெயரைத் தொலைத்தவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவரைவிட மூத்தவர்களும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

போனில் பதில் சொல்ல மாட்டார். வா என்பார். வந்தாலும் சொல்வார் என்று நிச்சயமில்லை.

"எத்தனை நாளா?"

"ஒம்பது நாள்."

"என்ன பேரு?"

"தோணி."

டீச்சரின் கை ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த சுளைக்குப் போனது.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குத் தோணிகள் போகின்றன. வெங்காயம், செங்கல், ஜல்லி. நடுக்கடலில் போன் எடுக்காது. கரையில் இருப்பவர்கள் தங்கள் குரலைப் பதிந்து வைப்பார்கள். தோணி ஏதாவது ஒரு தீவை நெருங்கி சிக்னல் கிடைத்ததும் ஆளின் போன் இன்டர்நெட்டில் தோணி என்ற பெயரைத் தேடிப் போய்க் குரலை எடுத்துக்கொள்ளும். அவன் குரலை விட்டுவிட்டு வரும். இருபது தோணி. இருநூறு பேர்.

பதினாறு வருஷத்துக்கு முன்பு இதை இரண்டு பேர் தொடங்கினார்கள். ஒருவர் தணிகாசலம். இன்னொருவர் காஜா மைதீன்.

"மணப்பாட்டுல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. புருஷன் தோணியில போயிருக்கான்" என்றார் தணிகாசலம். "தினமும் போன் பண்ணுது. சார், தோணி இருக்கான்னு கேக்குது. குரல் வரலைன்னா தோணி இல்லைன்னு நினைக்குது. தோணி இருக்கும்மா, எங்க பேருதான் இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொல்லுச்சு?"

"பேரு இல்லாம எப்படி சார் தேடுவாருன்னு கேட்டுச்சு."

"உங்களைவிட நல்லாப் புரிஞ்சிருக்கு" என்றார் டீச்சர்.

தணிகாசலம் மடியிலிருந்த லேப்டாப்பைத் திறந்தார்.

"என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு டீச்சர். நீங்களே பாருங்க. ஒவ்வொரு பதிவும் இருக்கு. ஒரு எழுத்து மாறலை. என் நேம்சர்வரை நானே கேட்டா டாண்ணு பதில் சொல்லுது."

பெயரைச் சொன்னால் அதன் விலாசத்தைச் சொல்கிற கம்ப்யூட்டர்தான் நேம்சர்வர்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப போயிட்டு வாங்க. அஞ்சு மணி பஸ்ஸுல கூட்டம் இருக்கும்."

அவர் போகவில்லை. லேப்டாப்பை மூடவும் இல்லை.

கீழே பேட்டரி கடையில் யாரோ ஹாரனை அடித்துப் பார்த்தார்கள். நின்றது.

"நான் ஒரு பேரை மாத்தினேன்" என்றார் தணிகாசலம்.

"தோணியையா?"

"இல்லை. உள்ள இருக்கிற பேரை."

அந்த உள்பெயரை வெளியில் யாரும் பார்ப்பதில்லை. இந்தக் காலத்தில் யாரும் கிளவுடு என்கிற வாடகைக் கம்ப்யூட்டர்களுக்குள் போய்க் கையால் எதையும் செய்வதில்லை. என்ன வேண்டுமோ அதை ஒரு கோப்பில் எழுதுவார்கள். கட்டளை கொடுத்தால் ஒரு மென்பொருள் எழுதியபடி எழுப்பி நிறுத்தும். கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செல்லப்பெயர் வைக்க வேண்டும். அந்தச் செல்லப்பெயரை வைத்துத்தான் அது ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும். பெயர் மாறினால் பழைய ஆள் போய்விட்டான் என்று நினைத்துக்கொள்ளும். அவனை அழித்துவிட்டு, அதே முகத்தில் புதிய ஒருவனை உண்டாக்கும்.

"ஆள் அதேதான், பேருதான் வேறன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே. அழிச்சிருக்காதே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஒண்ணு அழியும், ஒண்ணு உண்டாகும், சரியான்னு கேட்டுச்சு. யெஸ்னு அடிச்சிட்டேன்."

"பழைய செல்லப்பேரு என்ன?"

தணிகாசலம் ஜன்னலைப் பார்த்தார்.

"சார்."

"கோப்பை எழுதினது காஜா. பேரு வச்சதும் அவன்தான்."

"என்ன பேரு?"

"மாப்ள."

டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு சுளையை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"என்னை அப்படித்தான் கூப்பிடுவான். மூணு வருஷமா தினமும் காலையில கோப்பைத் திறந்தா முதல் வரி அது. அன்னைக்குப் பார்க்க முடியலை. மாத்திட்டேன்."

"புதுசா உண்டானதுக்குப் புது நேம்சர்வர் நாலு குடுத்திருக்குமே."

"குடுத்துச்சு."

"பழைய நாலு போச்சு."

"போச்சு."

"அப்புறம் என்ன பண்ணினீங்க?"

அவர் குரல் இறங்கியது. "மறுபடி அழிச்சு மறுபடி உண்டாக்கினேன். ஒருவேளை பழைய நாலே திரும்ப வருமோன்னு."

"எத்தனை தடவை?"

"பதினொண்ணு."

இப்போது டீச்சர் சிரித்தார். முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பன்னெண்டாவதுல வந்திருக்கும். அவசரப்பட்டுட்டீங்க."

"டீச்சர், வேண்டாம்."

"சரி. என் பழைய வீட்டுக்குப் போயிட்டுத்தானே இங்க வந்தீங்க?"

"ஆமா. பூட்டியிருந்துச்சு."

"இந்த மாடி எப்படித் தெரிஞ்சது?"

"கதவுல சீட்டு ஒட்டியிருந்தாங்க. டீச்சர் இப்போ பேட்டரி கடை மாடின்னு."

"ஒட்டினது நானா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அது என் கதவு இல்லை. வீட்டுக்காரம்மா கதவு. நான் ஒட்டினா கிழிச்சிருவாங்க. சுவத்துல ஆணி அடிச்சதுக்கே ஒரு வருஷம் பேசாம இருந்தவங்க. கிளம்புறப்போ அவங்ககிட்ட சொன்னேன். அவங்களே எழுதி ஒட்டினாங்க."

தணிகாசலம் சுளையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இங்க உக்காந்துக்கிட்டு நான் ஒரு பெரிய போர்டு வச்சிருந்தாலும் நீங்க அந்தக் கதவுக்குத்தான் போயிருப்பீங்க" என்றார் டீச்சர்.

"எனக்கு இது தெரியாதா டீச்சர்?"

தெரியும். பதினாறு வருஷமாகத் தெரியும். இன்டர்நெட்டில் அவர்கள் பெயருக்கு இரண்டு அடுக்கு. பெரிய பெயர் காஜாவின் கிளவுட் கணக்கில் இருக்கிறது. அதன் கீழே தோணி என்ற சின்னப் பெயர் தணிகாசலத்தின் கணக்கில். உலகம் முதலில் பெரிய பெயரிடம்தான் போகும். அங்கே நான்கு வரி இருக்கும். தோணியைப் பற்றி என்னைக் கேட்காதே, இந்த நான்கு நேம்சர்வரைப் போய்க் கேள் என்று அவை சொல்லும். அந்த நான்கு வரியை எழுதக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான்.

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு வந்தீங்க?"

"அவன்கிட்ட சொல்லாம இதைச் சரிபண்ண வழி இருக்கான்னு கேக்க வந்தேன்."

டீச்சர் கொட்டையைத் தனியாகப் போட்டார்.

"வேற பேரு வாங்குங்க."

"தோணிக்காரங்க போன்ல இந்தப் பேருதான் பொதிஞ்சிருக்கு. கடல்ல இருக்கிறவன் போன்ல எப்படி மாத்துவேன்?"

"அப்ப வழி இல்லை."

"டீச்சர்."

"என்ன நடந்துச்சு உங்க ரெண்டு பேருக்கும்?"

தணிகாசலம் கையிலிருந்த சுளையைப் பார்த்தார்.

"பெருசா ஒண்ணும் இல்லை. கிளவுட் கணக்கைப் பிரிச்சோம். ஒரே கணக்குல எல்லாம் இருக்க வேண்டாம், ஒருத்தர் கைதவறினா ரெண்டும் போகும்னு அவன்தான் சொன்னான். நியாயம். பிரிச்சோம். அந்த நாலு வரியை மட்டும் நானே எழுதிக்கிற மாதிரி ஒரு அனுமதி குடுடான்னு கேட்டேன். ஆறு பேரு உக்காந்திருக்காங்க. அவங்க முன்னாடி சொல்றான், என் கணக்குல நீ எழுத வேண்டாம். எப்ப மாறினாலும் என்கிட்ட சொல்லு, நான் எழுதுறேன்னு."

"அப்புறம்?"

"டீயை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

"அவர் கூப்பிடலையா?"

"கூப்பிட்டான். முதல் மாசம் பூரா. நான் எடுக்கலை. அப்புறம் நின்னுபோச்சு."

"மூணு வருஷம் எப்படி ஓட்டினீங்க?"

"எதையும் மாத்தலை. ஒரு எழுத்தைக்கூடத் தொடலை. மாத்தினா அவன்கிட்ட சொல்ல வேண்டி வருமே."

"ஆனா இப்ப மாத்திட்டீங்க."

"கைதவறிப்போச்சு."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். தணிகாசலம் சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லா இருக்கா?"

"இனிப்பா இருக்கு."

"என் கையைப் பாருங்க" என்றார் டீச்சர். எண்ணெயும் பாலுமாக விரித்துக் காட்டினார். "இதை வச்சு நான் உங்க கீபோர்டைத் தொட முடியாது. நீங்களே அடிங்க. ஒரே ஒரு கேள்வி. தோணி எங்க இருக்குன்னு கேளுங்க."

"நூறு தடவை கேட்டுட்டேன்."

"யாரை?"

"என் நேம்சர்வரை."

"அவர் நேம்சர்வரைக் கேளுங்க."

"அவன் கணக்குல எனக்கு அனுமதி கிடையாதுன்னு இப்பத்தானே சொன்னேன்!"

"எழுதத்தான் அனுமதி வேணும். கேக்கிறதுக்கு எதுக்கு? உலகத்துல எவன் வேணா கேக்கலாம். மாலத்தீவுல இருக்கிற போன் கேக்குது. நீங்க கேக்கக் கூடாதா?"

தணிகாசலம் விரலைக் கீபோர்டில் வைத்தார். எடுத்தார்.

"மூணு வருஷத்துல ஒரு தடவைகூட அங்க கேட்டதில்லையா?"

"இல்லை."

"அடிங்க."

அடித்தார். ஒரே வரிதான். என்டரைத் தட்டுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

பதில் உடனே வந்தது.

"என்ன இருக்கு?"

"நாலு வரி."

"யாரோடது?"

"என்னோட பழைய நாலு." மூக்கை உறிஞ்சினார். "அப்படியே வச்சிருக்கான். அந்த நாலும் செத்து ஒம்பது நாள் ஆச்சு. கேக்கிறவங்களை எல்லாம் அங்கதான் அனுப்பிக்கிட்டு இருக்கான்."

"யாரும் சொல்லலையே அவருக்கு."

டீச்சர் இன்னொரு சுளையைப் பிரித்தார்.

"பேருக்கும் நேம்சர்வருக்கும் நடுவுல ஒரு எண் இருக்குமே. அதை வாசிங்க."

"முந்நூறு."

"நாலு வரியிலயுமா?"

"நாலுலயும்."

"அப்படின்னா என்ன?"

"முந்நூறு வினாடி." தணிகாசலம் எரிச்சலோடு சொன்னார். பாலிடெக்னிக்கில் முதல் வருஷப் பையனிடம் கேட்கிற கேள்வி அது. "நான் சொல்ற விலாசத்தை அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஞாபகத்துல வச்சுக்காதே. அதுக்குள்ள மாறியிருக்கலாம். திரும்ப வந்து என்கிட்ட கேளுன்னு அர்த்தம்."

"நாளைக்கே மாறப்போற விலாசத்துக்குப் போடுறது."

"ஆமா."

"இந்த மாதிரி நாலு வரிக்கு ஊர்ல எல்லாரும் எவ்வளவு போடுவாங்க?"

"ரெண்டு நாள். வருஷக்கணக்கா மாறாத விலாசத்துக்கு எதுக்கு அஞ்சு..."

நிறுத்தினார்.

திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

"ரெண்டு நாள்னுதான் போட்டோம்" என்றார். "பிரிக்கிற அன்னைக்கு. நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். அவன் அடிச்சான், நான் வாசிச்சேன். ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து எண்ணூறு வினாடி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்ப இது?"

"அதுக்கு அப்புறம் மாத்தியிருக்கான்."

டீச்சர் அடுத்த சுளைக்குப் போனார்.

தணிகாசலம் திரும்பவும் அதே வரியை அடித்தார். அதே நான்கு. அதே முந்நூறு. இன்னொரு முறை அடித்தார்.

கீழே ஹாரன் மறுபடி அடித்தது.

பையில் கையை விட்டுப் போனை எடுத்தார். பெயரைத் தேடவில்லை. அந்த எண் அவர் போனில் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே அழித்தது. பத்து இலக்கத்தையும் வரிசையாக, நிற்காமல் அடித்தார்.

மணி அடித்தது.

இரண்டாவது மணி முடியவில்லை.

வணக்கம் இல்லை. யார் என்று கேட்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. கீபோர்டைப் பக்கத்தில் நகர்த்தும் சத்தம் கேட்டது.

"சொல்லு மாப்ள" என்றது குரல். "எழுதுறேன்."