பொன்னுரங்கம் போட்ட தையல்

டாக்டர் பொன்னுரங்கத்தின் தையலுக்கு அவர் ஊரில் தனி மவுசு. அவரிடம் குடல்வால் எடுத்துக்கொண்டவர்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலே சட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். “பொன்னுரங்கம் போட்டது. தேடித்தான் கண்டுபிடிக்கணும்” என்பார்கள். அவரும் அதே பந்தியில் இருந்துவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தைப் பிசைவார். உள்ளுக்குள் கொள்ளைச் சந்தோஷம்.

அப்பேர்ப்பட்ட மனிதர், ஓய்வு பெறப்போகிற வயதில், நெடுஞ்சாலையோரத்து விபத்து மருத்துவமனை ஒன்றில் பாடம் படிக்க வந்து சேர்ந்தார். அங்கே தலைமை அறுவை மருத்துவர் ரஹ்மத்துன்னிசா. பொன்னுரங்கத்தின் மூத்த மகள் வயதுதான் இருக்கும். அதிர்ந்து பேசத் தெரியாத பெண். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். இதில் யார் யாருக்குக் குரு என்று புது நர்ஸுகளுக்குக் கொஞ்ச நாள் பிடிபடாது.

வந்த அன்றைக்கே, தோள் பையை இறக்கி வைக்காமல் பொன்னுரங்கம் கேட்டார்.

“மேடம், பைக்ல அடிபட்ட ஒரு பையன் என்கிட்ட வந்தான். ஈரல் கிழிஞ்சிருந்தது. குடலும் அங்கங்க கிழிஞ்சிருந்தது. நான் பொறுமையா நின்னு, ஒண்ணு விடாம தைச்சு முடிச்சேன். விடியறதுக்குள்ள போயிட்டான். எங்க தப்பு பண்ணினேன்?”

அந்தக் கேள்வியோடுதான் அவர் பல மாதமாகச் சாப்பிட்டார், அதோடுதான் படுத்தார்.

“தையல் எப்படி இருந்தது சார்?”

“ஒரு குறை சொல்ல முடியாது.”

“யார் சொன்னா?”

“போஸ்ட்மார்ட்டம் பண்ணின டாக்டர்.”

“டீ சாப்பிடலாம் வாங்க” என்றார் ரஹ்மத்.

இதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம் என்று பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்தது. ஆனால் டீ நன்றாக இருந்தது. மறுநாளும் போனார். அந்த டீ நேரத்தில்தான் பந்திக் கதையெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது. ரஹ்மத் சிரித்துக்கொண்டே கேட்பார். பதிலுக்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கையில் கொடுப்பார்.

பொன்னுரங்கம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதையெல்லாம் படித்தார். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது.

“ரத்தத்தை மட்டும் நிறுத்திட்டு, வயித்தைத் திறந்தபடியே விட்டுட்டு வெளியே வரணுமாமே? அரைகுறையா விடறதுக்கு ஒரு ஆராய்ச்சியா மேடம்?”

“அழகா முடிச்சவங்களையும் பாதியில நிறுத்தினவங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்திருக்காங்க சார். ரொம்ப மோசமா அடிபட்டவங்கள்ல, பாதியில நிறுத்தினவங்ககிட்ட அதிகம் பேர் பிழைச்சாங்க.”

“ஆனா இந்தக் கட்டுரை வேற மாதிரி சொல்லுதே. இது புதுசு. தேவையில்லாதவங்களுக்கும் பாதியில நிறுத்தறோம், அதனால கெடுதல்னு போட்டிருக்கான்.”

“அதுவும் சரிதான்.”

“அதெப்படி ரெண்டும் சரியாகும்? ஒரு ஆள் வந்து படுத்தா நான் எதை நம்பறது?”

“படுத்திருக்கறவரைத் தொட்டுப் பாருங்க” என்றார் ரஹ்மத்.

இதெல்லாம் ஒரு பதிலா என்று பொன்னுரங்கம் முணுமுணுத்துக்கொண்டே கட்டுரையை மடித்தார்.

ஒரு நாள் காலை, தக்காளி ஏற்றி வந்த லாரி மேம்பாலத்து இறக்கத்தில் கவிழ்ந்துவிட்டது. டிரைவர் மாதேஷைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேட்டி முழுக்கச் சிவப்பு. எது ரத்தம், எது தக்காளி என்று நர்ஸுக்கே முதலில் தெரியவில்லை. ஆளுக்கு நாடி நூலாக ஓடியது. பொன்னுரங்கத்தின் கை பழக்கத்தில் சலைன் பாட்டில் பக்கம் போனது.

“தண்ணி வேண்டாம் சார். போறது ரத்தம். ரத்தமே குடுப்போம்.”

ரத்தப் பையைச் சூடாக்கி ஏற்றினார்கள். ஆபரேஷன் தியேட்டரில் ஏசியை நிறுத்தச் சொன்னார் ரஹ்மத். எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது.

வயிற்றைத் திறந்தார்கள். ஈரல் கிழிந்திருந்தது. குடலும் அங்கங்கே கிழிந்திருந்தது. அதே வயிறு. பைக் பையனின் வயிறு.

ரஹ்மத் துணிகளை மடித்து ஈரலைச் சுற்றிலும் வைத்து அழுத்தினார். ரத்தம் அடங்கியது. கிழிந்த குடல் முனைகளைச் சும்மா கட்டிவிட்டார், மூட்டையின் வாயைக் கட்டுகிற மாதிரி.

“போதும்” என்றார்.

பொன்னுரங்கத்தின் கையில் ஊசி கோர்த்துத் தயாராக இருந்தது.

“குடலைச் சேர்த்துத் தைச்சிடறேன் மேடம். நான் வேகமா முடிச்சிடுவேன்.”

“கையை உள்ள வைங்க சார்.”

“எங்க?”

“குடல் மேல. சும்மா வைங்க.”

வைத்தார். எத்தனையோ வயிற்றுக்குள் போய்வந்த கை அது. வயிறு என்றால் உள்ளே கை போனதுமே ஒரு கதகதப்பு இருக்கும். இங்கே அது இல்லை. குடல் ஜில்லென்று கிடந்தது. வயிற்றை வெட்டிய ஓரமெல்லாம் ரத்தம் உறையாமல், தண்ணீராகக் கசிந்துகொண்டே இருந்தது.

“மாதேஷ் என்ன சொல்றார்?” என்று கேட்டார் ரஹ்மத்.

“குளிருதுங்கறார்” என்றார் பொன்னுரங்கம்.

“இப்ப நாம முடிச்சா, அவரும் முடிச்சிடுவார் சார்.”

பொன்னுரங்கம் ஊசியைத் தட்டில் வைத்தார். கோர்த்த ஊசியைக் குத்தாமல் கீழே வைத்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கை வெறுமனே தொங்கியது. அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

திறந்த வயிற்றின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து ஒட்டினார்கள். பொன்னுரங்கம் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கல்யாண வீட்டில் பாதிக் கோலத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்ததுபோல அவருக்கு வெட்கமாக இருந்தது.

“வெளியே அவர் சம்சாரம் நிக்கறாங்க. நீங்க போய்ச் சொல்லுங்க சார்” என்றார் ரஹ்மத்.

“என்னன்னு சொல்றது?”

“உள்ளதைச் சொல்லுங்க.”

வெளியே சாலம்மா நின்றிருந்தாள். புருஷனின் துண்டைக் கையில் பந்தாகச் சுருட்டி வைத்திருந்தாள். பொன்னுரங்கத்தைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

“ஆபரேஷன் முடிஞ்சிடுச்சா சார்?”

இந்தக் கேள்விக்கு இத்தனை வருஷமாக அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. நல்லபடியா முடிஞ்சுதும்மா என்பார். இன்றைக்கு அது பொய். உள்ளதைச் சொன்னார்.

“முடியலம்மா.”

சாலம்மா அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். “முடியலன்னு சொல்லிட்டாரே, நான் என்ன பண்ணுவேன்” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பொன்னுரங்கத்துக்கு அப்புறம்தான் உறைத்தது. பதறிப்போய், “அய்யோ, அப்படி இல்லம்மா. முடிஞ்சு…” என்று ஆரம்பித்தார். அது இன்னும் மோசம். பாதியில் விழுங்கிக்கொண்டார். முடியலை என்றாலும் ஆள் போச்சு, முடிஞ்சுது என்றாலும் ஆள் போச்சு. ஒரே வார்த்தை இவ்வளவு பொல்லாததாக இருக்கும் என்று அவர் கண்டாரா?

அவரும் தரையில் உட்கார்ந்தார்.

“இன்னும் இருக்கும்மா. வேலை இன்னும் இருக்கு.”

சாலம்மா அழுகையை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இருக்காரா?”

“இருக்கார்.”

“அப்புறம் ஏன் சார் பாதியில விட்டீங்க?”

“உடம்பு ஜில்லுனு ஆயிடுச்சும்மா. இப்பவே எல்லாத்தையும் தைச்சு முடிச்சா அவர் தாங்கமாட்டார். அதான் நிறுத்தினோம். சூடு ஏறினதும் மறுபடி உள்ள கூட்டிட்டுப் போவோம்.”

சொன்ன பிறகு பொன்னுரங்கம் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. அத்தனை கட்டுரைகளிலும் படித்த வாக்கியம்தான். தன் வாயால் இப்போதுதான் சொல்கிறார். பைக் பையனுக்கும் ஓர் அம்மா இருந்தாள். அவளிடம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொல்லியிருந்தார்.

சாலம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப நான் இங்கயே இருக்கேன் சார்.”

“இரும்மா. நானும் இங்கதான் இருப்பேன்.”

சொன்னபடியே இருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவார், மாதேஷின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார், வருவார். மறுபடி போவார். தெர்மாமீட்டர் எதுக்கு இருக்கு என்று நர்ஸுகள் தங்களுக்குள் கேலி பேசிக்கொண்டார்கள். அவர் காதில் விழுந்தது, அவர் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த நாள் மத்தியானம், சோறு பிசைந்துகொண்டிருந்த ரஹ்மத்தின் எதிரில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“சூடா இருக்கார் மேடம்.”

“ஊசி குத்தின இடத்துல ரத்தக் கசிவு?”

“நின்னுபோச்சு.”

“சாப்பிட்டீங்களா?”

“அப்புறம் சாப்பிட்டுக்கறேன்.”

“உட்கார்ந்து சாப்பிடுங்க சார். சாயங்காலம் நிறைய நேரம் நிக்கணும் நீங்க.”

சாயங்காலம் மாதேஷை மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஈரல் அடங்கிக் கிடந்தது. ரஹ்மத் ஓரடி பின்னால் நகர்ந்து எதிர்ப்பக்கம் போய், உதவியாளர் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டார்.

பொன்னுரங்கம் ஊசிக்குக் கை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு முதலில் அதைக் குடல் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். கதகதவென்று இருந்தது.

அப்புறம் தைத்தார். அவசரமே இல்லாமல் தைத்தார். குடலைச் சேர்த்தார், வயிற்றை மூடினார். ரஹ்மத் நூலைப் பிடித்துக்கொடுத்தார், நறுக்கச் சொன்ன இடத்தில் நறுக்கினார். கடைசி முடிச்சைப் போட்டபோது பொன்னுரங்கத்தின் இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. பழைய புத்தி எங்கே போகும், தலையைச் சாய்த்து வரிசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“தையல் எப்படி மேடம்?”

ரஹ்மத் முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

“அதை அவர்தான் சொல்லணும் சார். ஊருக்குப் போய், ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில சட்டையைத் தூக்கிக் காட்டட்டும்.”