சருகுத்தடத்தில் ஒன்று

கூகைமலைக் காட்டில் அந்தக் கோடையில் எல்லாச் சுனைகளும் வற்றிவிட்டன. மிஞ்சியது ஊற்றுமடு ஒன்றுதான். அதற்குப் போக ஒரே ஒரு வழி, இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவே இருந்த கல்லிடுக்கு. ஒரு யானை நுழைந்தால் பக்கத்தில் ஒரு பன்றி நிற்கக்கூட இடம் இருக்காது. குடித்து முடித்தவர்கள் மறுபக்கச் சரிவில் இறங்கிப் போய்விடலாம். அந்தச் சரிவில் ஏறி வரத்தான் முடியாது.

இடுக்கின் வாயில் இரண்டு பாதைகள் வந்து சேர்ந்தன. ஒன்று அகலமான யானைத்தடம். யானை, காட்டெருமை, புள்ளிமான், பன்றி எல்லாம் அதில் வந்தன. இன்னொன்று சருகுத்தடம். முயல், சருகுமான் போன்ற சின்ன உயிர்களின் பாதை அது. சருகுமான் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அது முயல் அளவே இருக்கும் மான்.

தாகம் வந்தால் வரிசை ஏது? ஒருநாள் காலை எல்லோரும் ஒரே நேரத்தில் இடுக்குக்குள் நுழையப் பார்த்தார்கள். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். முன்னால் நின்றவர்களால் நகர முடியவில்லை. புழுதி அடங்கியபோது ஒரு மான்கன்றும், ஒரு பன்றிக்குட்டியும், ஒரு சருகுமான் குட்டியும் மிதிபட்டுக் கிடந்தன.

அந்தச் சருகுமான் குட்டியின் தாய்க்குப் பூவாயி என்று பெயர். அதற்கு இரண்டு குட்டிகள். இப்போது ஒன்றுதான் இருந்தது. அதையும் ஒரு பாறைப் பொந்தில் ஒளித்து வைத்துவிட்டுத்தான் பூவாயி தண்ணீருக்கு வரவேண்டும்.

அன்று மாலை காட்டின் தலைவியான யானை பெரியநாச்சி எல்லோரையும் கூட்டியது.

“இன்னொரு தடவை இப்படி நடக்கக் கூடாது. யாருக்காவது வழி தெரியுமா?” என்று கேட்டது.

ஊற்றுமடுவின் கரையில் குடியிருந்த நண்டு வளையன் முன்னால் வந்தது. “எனக்குத் தெரியும், நாச்சியம்மா! நெரிசல் வந்தப்புறம் அழுது என்ன பண்றது? வர்றதுக்கு முன்னாடியே பாத்துடணும்!”

“வராததை எப்படிப்பா பாக்குறது?” என்று சிரித்தது காட்டெருமைக் கூட்டத்தின் தலைவன் கடம்பன்.

“நாளைய நாளை இன்னைக்கே மணல்ல ஓட்டிப் பாக்குறேன். விடிஞ்சதும் வாங்க!”

நகரத்தில் இந்த வேலையைக் கணினியில் செய்கிறார்கள். தெருக்களைத் திரையில் வரைந்து, இல்லாத பஸ்களையும் இல்லாத கார்களையும் அதில் ஓடவிட்டு, எங்கே சிக்கிக்கொள்ளும் என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள். காட்டில் கணினி ஏது? வளையனுக்கு ஈர மணலும் இரண்டு கொடுக்குகளும் இருந்தன. அது மணலில் இரண்டு தடங்களையும் இடுக்கையும் கீறியது. யானைக்குப் புளியங்கொட்டை, எருமைக்கு வேப்பங்கொட்டை, மானுக்குக் குன்றிமணி. சருகுத்தடத்துச் சின்ன உயிர்களுக்குத் துளசி விதை. எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி இடுக்கு வழியே விட்டுப் பார்த்தது. ஒருமுறை பெரியவர்களை முதலில் விட்டது. ஒருமுறை இரண்டு பக்கமும் மாறி மாறி விட்டது. சிக்கியபோதெல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தது.

கடைசியில் ஒரு முறையில் கொட்டைகள் எதுவும் மோதவே இல்லை. எந்தத் தடத்தில் கூட்டம் அதிகமோ, அதற்கு முதலில் வழி. வளையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சருகுத்தடத்தில் ஒரே ஒரு துளசி விதை மட்டும் கடைசிவரை நகராமல் நின்றது.

“ஒண்ணுதானே!” என்று அதைக் கொடுக்கால் சுண்டி எறிந்தது.

காலையில் வளையன் எல்லோருக்கும் ஏற்பாட்டைச் சொன்னது. பாதைகள் சேரும் இடத்தில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருக்கும். எந்தத் தடத்தில் எத்தனை பேர் என்று பார்த்து, பறந்து வந்து மடுக்கரையில் சொல்லும். வளையன் மணலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். உடனே மரங்கொத்தி இடுக்கின் மேலே நின்ற பட்டமரத்தில் தட்டும். இரண்டு தட்டு தட்டினால் யானைத்தடம் போகலாம். மூன்று தட்டு தட்டினால் சருகுத்தடம் போகலாம். தட்டு இல்லாமல் யாரும் நகரக் கூடாது. இருட்டிய பிறகு அந்த இடுக்கு சிறுத்தையின் வழி என்பதால், பொழுது சாய்வதற்குள் எல்லோரும் குடித்துவிட வேண்டும்.

“இதுக்குக் கட்டுப்படுறீங்களா?” என்று பெரியநாச்சி கேட்டது.

கூட்டத்தில் முதலில் பதில் சொன்னது பூவாயிதான். “நான் கட்டுப்படுறேன், ஆத்தா. என் குட்டி மேல சத்தியம்!”

ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. என்னவென்று சொல்வது! முதல் நாளே நெரிசல் காணாமல் போய்விட்டது. இரண்டு தட்டு கேட்டது. யானைகள் போயின. இரண்டு தட்டு கேட்டது. எருமைகள் போயின. எந்தக் குட்டியும் மிதிபடவில்லை. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வளையனின் மணல் அன்று பல உயிர்களைக் காப்பாற்றியது.

கரிச்சானுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்ட குரலையெல்லாம் அப்படியே திருப்பிக் காட்டும். முதல் தடவை சேதி கொண்டுவந்தபோது யானை மாதிரி பிளிறி, மான் மாதிரி கத்திவிட்டுத்தான் கணக்கைச் சொன்னது.

வளையனுக்கு எரிச்சல் வந்தது. “உன் பாட்டெல்லாம் யாருக்கு வேணும்? எண் மட்டும் போதும்! நேரம் போகுது!”

“சரிண்ணே. யானைத்தடத்தில் நாப்பது. சருகுத்தடத்தில் அஞ்சு.”

“யானைத்தடம் போகட்டும்!”

அந்த ஐந்தில் நாலு முயல்கள், ஒன்று பூவாயி. மதியம்வரை முயல்கள் பொறுத்துப் பார்த்தன. பிறகு, எங்கேயாவது ஈரமான கிழங்கு கிடைக்குமா என்று தேடிக்கொண்டு போய்விட்டன.

“யானைத்தடத்தில் இருபத்தெட்டு. சருகுத்தடத்தில் ஒண்ணு. நாலு பேர் திரும்பிப் போயிட்டாங்கண்ணே.”

“அப்ப அவங்களுக்குத் தாகம் இல்லைன்னு அர்த்தம்!” என்றது வளையன்.

பூவாயி போகவில்லை. அதன் காது பட்டமரத்தின் பக்கமே இருந்தது. யானைத்தடத்தில் புதிது புதிதாகக் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. இரண்டு தட்டு. இரண்டு தட்டு. மறுபடியும் இரண்டு தட்டு. மாலையில் அது தண்ணீர் குடிக்காமலே பொந்துக்குத் திரும்பியது. குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது. கொஞ்சம்தான் வந்தது.

இரண்டாம் நாளும் பூவாயி விடியும்போதே வந்து நின்றது.

“யானைத்தடத்தில் முப்பத்தாறு. சருகுத்தடத்தில் ஒண்ணு.”

“யானைத்தடம்!”

“யானைத்தடத்தில் பத்தொன்பது. சருகுத்தடத்தில் ஒண்ணு.”

“யானைத்தடம்!”

கரிச்சான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வளையன் செய்த கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் ஒன்று, ஒன்று என்று கேட்கக் கேட்க, அங்கே வேறு வேறு யாரோ வருகிறார்கள், போகிறார்கள் என்றுதான் வளையனுக்குத் தோன்றியது. மடுக்கரையை விட்டு அது ஒருநாளும் பாதைகள் சேரும் முனைக்குப் போனதில்லை. போயிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்று மாலை குட்டிக்குப் பால் வரவில்லை.

மூன்றாம் நாள் மதியம் பெரியநாச்சி மடுக்கரையில் எல்லோரையும் நிறுத்தியது. “மூணு நாளா ஒரு உயிர்கூடச் சேதமில்லை! வளையனுக்கு நாம மரியாதை செய்யணும்!”

யானைத்தடத்தில் வந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே கூடிவிட்டார்கள். மரங்கொத்தியும் பட்டமரத்தை விட்டு வந்து உட்கார்ந்தது. யானைகள் நண்டின்மேல் தண்ணீரைத் தெளித்து வாழ்த்தின. கடம்பன்கூடத் தலை தாழ்த்தியது.

“கரிச்சானே, இன்னைக்காவது உன் வித்தையைக் காட்டு!” என்றது பெரியநாச்சி.

கரிச்சான் குஷியாகிவிட்டது. யானை மாதிரி பிளிறியது. எல்லோரும் சிரித்தார்கள். கடம்பன் மாதிரி உறுமியது. கடம்பனே சிரித்துவிட்டது. அப்புறம் மெல்லிய, வறண்ட குரல் ஒன்றை எழுப்பியது. யாரும் சிரிக்கவில்லை. அது யார் குரல் என்று யாருக்கும் தெரியவில்லை.

“இது யாரு?” என்று கேட்டது வளையன்.

“சருகுத்தடத்தில் நிக்கிறாங்களே, அவங்க.”

“எப்ப நின்னாங்க?”

“இப்பவும் நிக்கிறாங்கண்ணே.”

“நேத்து நின்னது யாரு?”

“நேத்தும் இவங்கதான். முந்தாநாளும் இவங்கதான். முந்தாநாள் குரல் இன்னும் கொஞ்சம் பலமா இருந்துச்சு.”

“ஏன்டா எங்கிட்டச் சொல்லலே?”

“நீங்க எண் மட்டும் போதும்னீங்க. நானும் ஒண்ணுன்னு சொன்னேனே!”

சுண்டி எறிந்த துளசி விதை வளையனின் நினைவுக்கு வந்தது. அது அன்றைக்கே மணல் காட்டிய சேதி. ஒழுங்காகக் காட்டியது. பார்த்தவன்தான் தள்ளிவிட்டான்.

“நாச்சியம்மா, என்னைத் தூக்கிக்கிட்டு ஓடுங்க!” என்று கத்தியது நண்டு.

பெரியநாச்சி அதைத் துதிக்கையில் எடுத்துக்கொண்டு இடுக்கு வழியே விரைந்தது. வெளியே வந்தபோது முனையில் கூட்டமே இல்லை. யானைத்தடம் வெறிச்சோடிக் கிடந்தது. இடுக்கும் காலியாகத்தான் இருந்தது. சருகுத்தடத்தின் ஓரத்தில் பூவாயி மட்டும் நின்றுகொண்டிருந்தது. கால்கள் நடுங்கின. கண் பட்டமரத்தின் மேலேயே இருந்தது.

“தாயி! வழி காலியா இருக்கே! நீ போயிருக்கலாமே!” என்றது வளையன்.

“மூணு தட்டு வரலையே, அண்ணே” என்றது பூவாயி.

பெரியநாச்சி குனிந்து, “போ, தாயி. குடி. நான் காவலுக்கு நிக்கிறேன்” என்றது.

பூவாயி குடித்தது. குடித்ததும் சரிவில் இறங்கிப் பொந்தை நோக்கி ஓடியது. யானையும் நண்டும் பின்னாலேயே போயின. பொந்துக்குள் குட்டி சுருண்டு படுத்திருந்தது. பூவாயி அதை நக்கியது. மூக்கால் தள்ளியது. மறுபடி நக்கியது. குட்டி எழுந்திருக்கவில்லை.

யானை அழுவதை அன்றுதான் வளையன் பார்த்தது. தானும் அழுதது. “என் கணக்குல நீ ஒண்ணு, தாயி. வெறும் ஒண்ணு. என்னை மன்னிச்சிடு!”

பூவாயி குட்டியை இன்னொரு தடவை நக்கியது. பிறகு சொன்னது, “எனக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு, அண்ணே.”

ஏற்பாட்டைக் கலைத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பெரியநாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. கலைத்தால் பழைய நெரிசல்தான் வரும். மிதிபடுவதும் சின்னக் குட்டிகள்தான். அதனால் வளையன் விடிய விடிய மணலைக் கீறி ஏற்பாட்டை மாற்றியது. இனிமேல் கரிச்சான் இரண்டு சேதி சொல்லவேண்டும். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது ஒன்று. எப்போதிலிருந்து நிற்கிறார்கள் என்பது இன்னொன்று. அதிக நேரம் நின்றவர் ஒருவராக இருந்தாலும், நாற்பது பேர் அவருக்காகக் காத்திருக்க வேண்டும். மடுக்கரையில் இருந்த தன் வளையையும் விட்டுவிட்டு, வளையன் பாதைகள் சேரும் முனையிலேயே வந்து உட்கார்ந்தது.

மறுநாள் காலை யானைகளும் எருமைகளும் வந்து நின்றன. சருகுத்தடத்தில் பூவாயி தலை குனிந்தபடி வந்து நின்றது.

“யானைத்தடத்தில் நாப்பத்திரண்டு, இப்பத்தான் வந்தாங்க. சருகுத்தடத்தில் ஒண்ணு, அவங்க முன்னாடியே வந்தாங்க” என்றது கரிச்சான்.

மரங்கொத்தி மூன்று முறை தட்டியது. அந்தக் கோடையில் முதல் தடவையாக மூன்று தட்டு கேட்டது. கடம்பன் தன் கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி வழி விட்டது. இடுக்கு திறந்து கிடந்தது.

பூவாயி நகரவில்லை.

“போ, தாயி. உன் முறைதான்!” என்றது வளையன்.

“என் முறை இல்லை, அண்ணே” என்றது பூவாயி. பக்கத்துப் புதரைக் காட்டியது. காய்ந்த சருகுக்கு நடுவே, சருகின் நிறத்திலேயே, ஒரு கிழட்டு முயல் பதுங்கிக் கிடந்தது. கரிச்சானின் கண்ணில் அது படவே இல்லை. நாற்பத்திரண்டு பேரின் கண்ணிலும் படவில்லை. “நான் வரும்போதே அது இங்க இருந்துச்சு. அதை முதல்ல விடுங்க.”

வளையன் புதரை நோக்கி ஊர்ந்து போனது. முயலின் முகத்துக்கு நேரே நின்று, யாரிடமும் அதுவரை கேட்காததைக் கேட்டது.

“எப்ப இருந்துப்பா நிக்கிறே?”

எத்தனை பேர் கடந்து போனார்கள் என்று எண்ணுகிறவர்கள், இன்னும் நிற்பது யார் என்று இறங்கி வந்து பார்க்காதவரை, எவ்வளவு நல்ல கணக்கும் ஓர் உயிரைக் கொன்றுவிடும்.