பூட்டுத் தேர்வில் மாட்டிக்கொண்ட அதிகாரி

வெகு காலத்துக்கு முன்னே வேங்கைக்கோட்டைச் சீமையை வீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் யார் முகத்தில் விழித்தாரோ, அதைப் பொறுத்துத்தான் அன்றைய சட்டம்! ஒருநாள் கஜானாவில் திருட்டுப் போனது. "அரச முத்திரை வாங்காத எவரும் இனிப் பூட்டு வேலை செய்யக் கூடாது. செய்தால் கையை வெட்டு!" என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டார். முத்திரை வேண்டுமானால் அரண்மனையில் பூட்டைத் திறந்து காட்ட வேண்டும்.

தேர்வு அதிகாரி அம்பலக்கூத்தர். ஊரில் முத்திரை வாங்கியவன் அவர் மருமகன் ஒருவன்தான். இன்னொரு பூட்டுக்கடை வந்தால் அவன் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் கூத்தர் வேறு யாரையும் தேற விடுவாரா என்ன?

பூட்டுக்காரி இசக்கிக்கு இதில் வயிற்றெரிச்சல் ஆறவே இல்லை. புருஷன் போனபிறகு பூட்டுக்கடைதான் அவளுக்குச் சோறு. போன வருஷம் கண்மூடித் திறப்பதற்குள் பூட்டைத் திறந்து காட்டினாள். "திறந்தாய், சரி. சத்தம் வந்ததே!" என்று அனுப்பிவிட்டார் கூத்தர். அன்று மூடிய கடை மூடியபடியே கிடந்தது. இந்த முறையும் தவறினால் கருவிகளைப் பிடுங்கிக்கொள்வார்கள். கடையை மறந்துவிட வேண்டியதுதான்.

தேர்வு நாள் வந்தது. வாசல் காவலன் மாடசாமி சொன்னான்: "அக்கா, பையை உதறிக் காட்டு. சாப்பிட்டாச்சா? உன்னை அறைக்குள்ள விட்டு ராஜா வெளியே நின்னு பூட்டுவார், நீ உள்ளேயிருந்து திறக்கணும். திறக்க முடியலேன்னா முரசு அடிக்கிற வரைக்கும் யாரும் வெளியே வர முடியாது. அதிகாரியும் உன்கூட உள்ளேதான்."

"வயிறு முட்டக் கஞ்சி குடிச்சிட்டுத்தான் வந்தேன். வழிய விடுப்பா."

ராஜா கதவைச் சாத்திப் பூட்டினார். முடிவை எழுதி முத்திரையிட விளக்கும் அரக்கும் கூத்தர் பக்கத்தில் இருந்தன. மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? அரக்கை உருக்கி, அவள் கண்ணெதிரிலேயே சாவித்துளையில் ஊற்றினார்!

"ஐயா, இது அநியாயம்!"

"யாரிடம் போய்ச் சொல்வாய்? உன் பேச்சு எடுபடுமா, என் பேச்சா? முரசு அடித்ததும் ராஜா வெளியிலிருந்து சாவி போடுவார். நீ வீட்டைப் பார்த்து நட."

இசக்கிக்கு ரத்தம் கொதித்தது. அப்புறம் அந்தத் துளையைப் பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே துளை. அரக்கு இரண்டு பக்கமும் இறுகிக் கிடந்தது. அட மண்டு! வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டாள்.

முரசு அடித்தது. வெளியே ராஜாவின் குரல்: "கூத்தரே, சாவி நுழையவில்லையே!"

கூத்தருக்கு முகம் வெளிறியது. "இசக்கி, நீ கொஞ்சம் திறந்து விடம்மா."

"மாட்டேன். முரசு அடிச்சாச்சு, நான் தோத்தவ. தொட்டா கை போயிடும்."

"கதவை உடையுங்கள்!" என்று ராஜா கத்தினார்.

"கல்லால ஆன நிலைவாசல், மகாராஜா. உடைச்சா மேல்தளமே அவங்க தலையில விழும்" என்றான் மாடசாமி.

"இசக்கி! ராஜா சொல்கிறேன், திற!"

"ராஜா சொன்னதாலதான் தொடாம இருக்கேன், மகாராஜா."

"திமிர் பிடித்தவளே, உன் தலையை வாங்கிவிடுவேன்!"

"தாராளமா வாங்குங்க. அதுக்கு நீங்க முதல்ல உள்ளே வரணுமே!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கதவிடுக்கு வழியாக ஒரு செப்பு முத்திரை உள்ளே வந்தது. "இந்தா, வைத்துக்கொள். திற."

இசக்கி அதை அப்படியே வெளியே தள்ளினாள். "மிரட்டி வாங்கிட்டாள்னு நாளைக்கு ஊர் பேசும். எனக்குப் பிச்சை வேண்டாம். துளை எப்படி அடைச்சுதுன்னு கூத்தர் தன் வாயால சொல்லட்டும். அப்புறம் என் தேர்வை வையுங்க."

கூத்தர் முறைத்தார், கெஞ்சினார். நேரம் போனது. அரண்மனைச் சமையல்கட்டில் நெய் காய்கிற வாசனை கம்பிச் சாளரம் வழியாக வந்தது. காலையில் அவசரத்தில் வெறும் வயிற்றோடு வந்த மனுஷர் அதற்குமேல் தாங்கவில்லை. "நான்தான் மகாராஜா! நான்தான் அரக்கை ஊற்றினேன்! போன வருஷமும் அவள் சரியாகத்தான் திறந்தாள்!" என்று அலறினார்.

"அடிடா முரசை! தேர்வு இப்போது தொடங்குகிறது!" என்றார் ராஜா.

இசக்கி எழுந்தாள். கம்பியை விளக்கில் காய்ச்சி அரக்கை இளக்கிச் சுரண்டி எடுத்தாள். வளைந்த ஊசியை உள்ளே விட்டு ஒரு திருப்பு. கதவு திறந்தது. வெளியே வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

முத்திரையை ராஜா தன் கையாலேயே கொடுத்தார். சமையல்கட்டைப் பார்த்து ஓடிய கூத்தரைப் பிடித்து நிறுத்தினார். "எங்கே ஓடுகிறீர்? இத்தனை பேருக்குத் தேர்வு வைத்தீரே, உமக்கு ஒன்று வேண்டாமா? உள்ளே போய்த் திறந்துகொண்டு வாரும்!" வெளியே நின்று பூட்டினார், போய்விட்டார்.

கூத்தர் கதவைத் தட்டு தட்டென்று தட்டினார். மாடசாமிக்கே பாவமாகிவிட்டது. "அக்கா, நீதான் இப்போ முத்திரைக்காரி. திறந்து விட்டுடேன்."

இசக்கி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "முதல்ல போய் என் கடையைத் திறக்கணும். அவரை வரிசையில வரச் சொல்லு!"